தாடி மறைத்த கழுத்து

எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஒரு கடையில் வாங்கிய வெங்காயத்தை இன்னொரு கடையில் எடை போட்டுப் பார்த்திருக்கிறேன். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். என் மகள் இதையெல்லாம் தன் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். எதையும் சந்தேகப்படாதவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். எனக்கு அதுவும் சந்தேகம்தான்.

ஆனால் என் கணவர் விஷயத்தில் நான் பட்ட சந்தேகம் எல்லாம் கோணல். ஏதோ மறைக்கிறார் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டேன். எதை மறைக்கிறார் என்பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டேன்.

திருத்தணியில் பள்ளிப்பட்டு பஸ் போகிற சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. முன்கட்டில் நாங்கள் இருக்கிறோம், பின்கட்டில் விசைத்தறிகள் ஓடுகின்றன. லுங்கி நெய்கிறோம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெரு முழுக்கத் தறிச் சத்தம்தான். பக்கத்தில் நிற்பவரிடம் உப்பு கேட்க வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்தால் நாங்கள் ஏதோ குடும்பச் சண்டையில் இருக்கிறோம் என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள். இப்படிக் கத்திக் கத்தி எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் குரல் கரகரத்துப் போயிருக்கும். இதற்கு நாங்களே ஒரு பெயரும் வைத்திருக்கிறோம், தறித் தொண்டை என்று. பெண் பார்க்க வருகிறவர்களிடம்கூட, பெண்ணுக்குக் கொஞ்சம் தறித் தொண்டை, மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிடுவோம். அது நோய்க் கணக்கில் வராது.

என் கணவர் எனக்கு அத்தை மகன். நான் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள், எங்கள் பேச்சில் பாதி தெலுங்கு கலந்திருக்கும். அதனால் சின்ன வயதிலிருந்து அவரைப் பாவா என்றுதான் கூப்பிட்டுப் பழக்கம். தறி மேடையில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும். அப்படி ஒரு தொண்டை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் அவருக்கு வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவும் இல்லை. சும்மா இருக்கும்போதே தொண்டையைக் கனைத்துக்கொண்டு இருப்பார். எனக்கு உடனே பொறி தட்டியது. மகள் பிறந்தபோது விட்ட பீடியை மறுபடி ஆரம்பித்துவிட்டார். துவைக்கப் போடுகிற சட்டைகளை மோந்து பார்த்தேன். கிரீஸ் வாசம்தான் வந்தது. பீடி வாசம் தெரியக் கூடாது என்று கிரீஸைத் தடவிக்கொள்கிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டதற்குச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதுமே கூடுதல் சந்தேகம்.

அடுத்தது களி. எங்கள் வீட்டில் மத்தியானம் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும்தான். களியை மெல்லக் கூடாது. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். பாவா அதில் கெட்டிக்காரர். நான் ஒரு உருண்டையை முடிப்பதற்குள் தட்டைக் காலி செய்துவிடுவார். அவர் இப்போது ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பிறகு பாதிக் களி தட்டிலேயே நின்றது. பிறகு களியைக் கரைத்துக் கூழாகக் கொடு என்றார். நான் என்ன நினைத்திருப்பேன்? வெளியே எங்கேயோ பரோட்டா தின்றுவிட்டு வருகிறார், வயிற்றில் இடமில்லை என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரரிடமே போய் விசாரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாவாவுக்காகப் பரிதாபப்பட்டது தெரிந்தது.

மூன்றாவது போன். முன்பெல்லாம் போனில் அவர் பேசினால் போனே தேவையில்லை என்று மகள் கேலி செய்வாள். அப்படிப்பட்டவர் போன் வந்தால் எழுந்து வெளியே போனார். கையால் வாயை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, இரகசியம் போலப் பேசினார். சென்னையில் வேலை செய்யும் மகள் கூப்பிட்டால்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டு என் கையில் கொடுத்துவிடுவார். இந்த வயதில் யாரோடு இரகசியம்? இதை யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னேன். அவள், எதிரே நின்று பேசினாலும் அவர் இப்போது அப்படித்தான் பேசுகிறார், தறித் தொண்டை முற்றிவிட்டது, மிளகைத் தட்டிப் பாலில் போட்டுக் கொடு என்றாள். கொடுத்தேன். குடித்தார். ஒன்றும் ஆகவில்லை.

பங்குனியில் தாடி வந்தது. எங்கள் ஊரில் தாடி வைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலையில் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் சவரக் கத்தி படாமல் வளர்ப்பார்கள். என்ன வேண்டுதல் என்று வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பார்கள். சந்தேகப்படுகிறவளுக்கு இதைவிடக் கொடுமை வேண்டுமா? மகளுக்கு வரன் அமையவா என்று கேட்டேன். சிரித்தார். தறியை விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். தாடி அடர்த்தியாக வளர்ந்து கழுத்து வரை இறங்கியது. முருகனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு என்னிடம் எதையோ மறைக்கிறான் என்று மலையைப் பார்த்து ஒருநாள் திட்டியே விட்டேன்.

நடுவில் ஒரு டாக்டரிடமும் போய்விட்டுத்தான் வந்தார். நான் நச்சரித்ததால் தனியாகப் போனார். மருந்துப் பாட்டிலும் மாத்திரையுமாகத் திரும்பி வந்து, தொண்டைப் புண்ணு, சரியாயிடும்னு சொல்லிட்டாரு என்றார். டாக்டர் அதற்கு மேலும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். அதைப் பாவா வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்தினார்கள். மாதத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். தறிகள் நின்றதும் தெருவே வேறு தெருவாகிவிடும். காக்கை கத்துவது கேட்கும். முதல் ஒரு மணி நேரம் பழக்கத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். பிறகு தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்டு வெட்கப்பட்டு மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள். மத்தியானத்துக்குள் எல்லோருடைய தொண்டையும் கொஞ்சம் தெளிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்குப் பாட்டே முணுமுணுப்பாள்.

நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து ஓர் ஆண் குரல் தண்ணீர் கேட்டது. மெல்லிய, காற்றுக் கலந்த, பஞ்சரான ட்யூபிலிருந்து வருவது போன்ற குரல். யாரோ வெளி ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொம்போடு போனேன். அங்கே பாவா மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்.

"யார் கேட்டது தண்ணி?" என்றேன்.

"நான்தான். வேற யாரு இருக்காங்க இங்க?"

என் கணவரின் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே பாதியைக் காதால் கேட்டு, மீதியைப் பழக்கத்தில் நானே நிரப்பிக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பகல் முழுக்க ஏதாவது சாக்கு வைத்து அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். நூல் எப்போது வரும், மகளுக்குத் தீபாவளிக்கு என்ன எடுக்கலாம், எதிர் வீட்டுச் சுவர் ஏன் கோணலாக இருக்கிறது. எல்லோருக்கும் தெளிந்த தொண்டை அவருக்கு மட்டும் தெளியவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

இருமல், களி, போன், தாடி எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பீடியும் இல்லை, பரோட்டாவும் இல்லை, வேறொருத்தியும் இல்லை. எல்லாம் தொண்டையில்தான் வந்து நின்றன. அன்றே டாக்டரிடம் போகலாம் என்றேன். கிருத்திகை முடியட்டும் என்றார். இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று சண்டை போட்டேன். வேண்டுதல் முடியாமல் எங்கேயும் வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். கழுத்தைக் காட்டுங்கள் என்று தாடியில் கை வைத்தேன்.

"கைய எடு. வேண்டுதல் தாடி, தொடக் கூடாது."

சொன்னதோடு என் கையைத் தட்டியும் விட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒருமுறைகூட என் கையைத் தட்டிவிட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது.

ஆடிக் கிருத்திகை அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் வேட்டியும் பூக்காவடியுமாக எல்லை தாண்டியும் சென்னையிலிருந்தும் சனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. விடியற்காலையிலேயே போய் முடி கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றோம். சவரத் தொழிலாளி தலையை மழித்துவிட்டு, தாடையைத் தூக்கிப் பிடித்துத் தாடியையும் வழித்தார். பாவா குளித்துவிட்டு வந்தார். மொட்டைத் தலையில் நான்தான் சந்தனம் பூசினேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தண்ணீர் பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தார்.

அப்போது பார்த்தேன். குரல்வளைக்குக் கீழே, வலது பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒன்று தோலுக்கு அடியில் இருந்தது. அவர் விழுங்கியபோது அது மேலே ஏறியது. விழுங்கி முடித்ததும் கீழே இறங்கியது.

"பாவா, இன்னொரு வாட்டி குடிங்க."

"தாகம் தீந்துடிச்சி."

"குடிங்கன்றேன்."

குடித்தார். ஏறியது, இறங்கியது. சுற்றிலும் அரோகரா சத்தம். நான் அவர் காதருகே போய், இது எப்போதிலிருந்து என்று கேட்டேன். பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"பங்குனில சவரம் பண்ணிகினு இருந்தப்போ கையில பட்டுச்சி. வலி கிலி ஒண்ணும் இல்ல. இது கரைஞ்சிட்டா மொட்ட போடறேன்னு வேண்டிகினேன்."

"கரையலயே. கரையாமயே ஏன் முடி குடுத்தீங்க?"

"கரைஞ்சிருக்கும்னு நெனச்சிகினேன்," என்றார் அந்தக் காற்றுக் குரலில். "தாடி வளந்ததுக்கப்புறம் தொட்டே பாக்கல. பயமா இருந்துச்சி."

எல்லோரும் கடவுளைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவரை அங்கேயே வைத்து நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மேலே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் அதே டாக்டரிடம் போனோம், இந்த முறை இரண்டு பேருமாக. டாக்டர் பாவாவுக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் கழுத்தைத் தடவி, விழுங்கச் சொல்லிப் பார்த்தார். காதுக்குக் கீழே பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தபோது அங்கேயும் நெறி கட்டியிருந்தது. குரல் ரெண்டு மூணு வாரத்தில் சரியாகவில்லை என்றால் திரும்ப வந்து காட்டுங்கள் என்று அப்போதே சொன்னேனே என்றார். நான் பாவாவைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

தைராய்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. பாவா அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, பார்த்தாயா என்றார். தெரு முழுக்க, அதான் நார்மல்னு வந்துடிச்சே, இன்னும் ஏன் அலைகிறீர்கள் என்று கேட்டார்கள். வழக்கம்போல நான் மட்டும் நம்பவில்லை. கட்டி கண்ணுக்குத் தெரிகிறது, தாளில் ஒன்றும் இல்லை என்றால் தாள் மேல்தானே சந்தேகம் வரும்? டாக்டரிடமே கேட்டேன். சுரப்பி வேலை செய்கிறதா என்பதைத்தான் இரத்தம் சொல்லும், கட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது, ஸ்கேன் எடுத்து ஊசியால் குத்தித்தான் பார்க்க வேண்டும் என்றார். கழுத்தில் கட்டி வருகிற நிறையப் பேருக்கு அது சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும், ஆனால் கட்டியோடு குரலும் மாறி, விழுங்கவும் கஷ்டப்பட்டால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றும் சொன்னார். வலிக்காததால்தான் ஆட்கள் தள்ளிப்போடுகிறார்கள் என்றார். வலியில்லை என்பது நல்ல செய்தி என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். காது மூக்கு தொண்டை டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்து, குரல் நாண் ஒன்று அசையவே இல்லை என்றார். ஊசி குத்த வேண்டும் என்றபோது நானே தடுத்தேன். கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே யாரையும் நம்பக் கூடாது என்று நின்றேன். அந்த டாக்டரம்மா கோபப்படவில்லை. "மெல்லிய ஊசிம்மா, இதனால பரவாது. குத்திப் பாக்காம விட்டாதான் என்னன்னு தெரியாமலே போகும்," என்றார். தெரியாமலே போகும் என்ற வார்த்தை என்னைச் சுட்டது. தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியாத காரியம். சரி என்றேன்.

முடிவு வந்தது. தைராய்டு கேன்சர். மெதுவாக வளரும் வகை, வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படும், இருக்கிற கேன்சர்களில் இது நல்ல கேன்சர் என்று வார்டில் ஒருவர் ஆறுதல் சொன்னார். கேன்சரில் நல்லது கெட்டது உண்டா என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அன்று ரயிலில் அரக்கோணம் வரை நான் அழுதேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். நோயாளி யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆபரேஷன் ஆனது. சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டார்கள், நெறி கட்டியிருந்ததையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்து கொடுத்துச் சில நாள் தனி அறையில் வைத்தார்கள். பாவா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டினார். இப்போது கழுத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. குரல் பாதிதான் திரும்பி வந்தது. முன்பே வந்திருந்தால் மீதியும் திரும்பியிருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இதில் மட்டும் நான் மேற்கொண்டு துருவவில்லை. இப்போது தறி மேடையில் சத்தம் போடுவது என் வேலை. அவர் கையால் காட்டுவார், நான் கத்துவேன். எனக்கும் தறித் தொண்டை நன்றாகவே முற்றிவிட்டது.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் அவர் ஒரு மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும். ஒருநாள் விடாமல் சவரமும் செய்துகொள்கிறார். அவர் மாத்திரையை வாயில் போட்டு அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது நான் எதிரே போய் நின்றுவிடுவேன். ஏதாவது ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்ப்பேன். கண்கொத்திப் பாம்பு மாதிரி நிற்கிறாள் என்று மகளிடம் போனில் புகார் சொல்கிறார்.

போன மாதக் கரண்ட் கட் அன்று தெரு அமைதியாக இருந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ பேசிவிட்டு உள்ளே வந்தேன். பாவா கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். தான் குடித்து முடித்த டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"உன் கொரலும் ஒரு மாதிரிதான் இருக்குது. இப்டி வெளிச்சத்துல வந்து நில்லு. குடி, பாக்கறேன்."

எனக்கு என்ன, தறித் தொண்டை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை என் வாயிலேயே நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் போய் அண்ணாந்து குடித்தேன். அவர் குனிந்து என் கழுத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது, ஆனால் தொட மனம் வரவில்லை. தாடிக்குள் அவர் அத்தனை மாதம் எதை வைத்துக்கொண்டு நடமாடினார் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் புரிந்தது.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

நான் நம்பவில்லை. டம்ளரை நீட்டி இன்னொரு முறை தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.